பங்காளி வாங்கிய வீடு

டோரிஸ் அம்மா கேக் கொண்டுவந்தால் வாடகை ஏறப்போகிறது என்று அர்த்தம். மால்டா என்கிற இந்தச் சின்னத் தீவுக்குப் பேருந்து ஓட்ட வந்து ஐந்து வருடமாகிறது. இந்த ஊர் வழக்கங்களில் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பிய கையோடு, மூச்சு வாங்க மாடியேறி வந்து, ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்ட மூன்றாவது கேக்கை எங்கள் மேசைமேல் வைத்தார். எங்கள் என்றால் நாலு பேர்: நேபாளத்துக்காரர் இருவர், மலையாளி ஒருவர், நான். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. நம் ஊரில் வாடகை ஏற்ற வரும் வீட்டுக்காரர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வருவார். மோட்டார் அதிகம் ஓடுகிறது, சுவரில் ஆணி அடித்துவிட்டீர்கள் என்று நாலு குற்றம் சொன்ன பிறகுதான் தொகைக்கு வருவார். நாமும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கேக்கைத் தின்றுகொண்டே எப்படிக் கோபப்படுவது?

“செல்வா, எனக்கு இதில் இஷ்டமே இல்லை” என்றார் டோரிஸ் அம்மா. “மேலா, நான் என்ன செய்வேன்? எதிர்வீட்டுக்காரி கேமிங் பையன்களுக்கு விட்டு எவ்வளவு வாங்குகிறாள் தெரியுமா?” மேலா என்பது இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டும் ஒரு சொல். நம் பக்கத்து ‘ஆமாங்க’ மாதிரி. நான் எப்போதும் போலத் தலையாட்டினேன். அடுத்த முறை ஏற்றுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “அதற்கென்ன, சொல்கிறேன்” என்று கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. கணவர் போன பிறகு இந்த மாடி வாடகையில்தான் அவர் காலம் ஓடுகிறது.

கேமிங் என்றால் என்னவென்று முதல் ஒரு வருடம் எனக்குத் தெரியாது. குழந்தைகள் செல்போனில் விளையாடுகிறார்களே, அந்தக் கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் இங்கேதான் தயாராகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேலம் சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கும் என் மனைவி சுமதியிடமும் மகளிடமும் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஸ்லீமா பக்கம் போகும் என் பேருந்துத் தடத்தில் முழுக்கக் கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடம் உண்டு. வாசலில் ஆரஞ்சு நிற மீன் ஒன்றைப் பெரிதாக வரைந்திருப்பார்கள். அந்த நிறுத்தத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இளசுகள் காலையில் கும்பலாக இறங்குவார்கள். இறங்கும்போது நன்றி சொல்வார்கள். நல்ல பிள்ளைகள். இவர்கள் வந்துதான் வாடகை எகிறியது, உள்ளூர்க் கல்யாணமான ஜோடிகளே அம்மா வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று டிப்போவில் வயதான மால்டா ஓட்டுநர் ஒருவர் புலம்பியபோதுதான் விவரம் கேட்டேன். “அது சூதாட்டம், தம்பி. சீட்டு, சக்கரம், பந்தயம், எல்லாம் கம்ப்யூட்டரில்” என்றார். இந்த ஊர்க்காரர்கள் ஆடிக் கெடமாட்டார்களா என்று கேட்டேன். “இங்கே யார் ஆடுகிறார்கள்? அதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு” என்று சிரித்தார். வெளிநாடு என்றால் எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது காட்டைப் பிரித்தார்களே தவிரக் கிணற்றைப் பிரிக்கவில்லை. பிரிக்கவும் முடியாது. பத்திரத்தில் எழுத்தர் பாதிப் பாதி பாத்தியம் என்று எழுதிவைப்பார். மோட்டார் ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். வண்டி போய்வரும் தடமும் அப்படித்தான், இருவருக்கும் பொது. இப்படிக் கிணறும் தடமும் பின்னிக்கிடப்பதால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காட்டை விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அவன் வேண்டாமென்ற பிறகுதான் வெளியாள். அதேபோல, கேட்கப்பட்ட பங்காளி முடிந்தவரை மறுக்கக் கூடாது. ஏன் விற்கிறாய் என்று துருவுவதும் கூடாது. கஷ்டப்படுகிறவனிடம் காரணம் கேட்பது அவன் வேட்டியை உருவுவதற்குச் சமம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த மரியாதைதான் எங்களைக் குப்புறத் தள்ளியது.

சித்தப்பாவின் மகன் குமரேசன் என்னைவிட ஏழு வயது இளையவன். அப்பாக்கள் இருவரும் போன பிறகு அவன் பாகத்தில் மரவள்ளி போட்டான், வாடகைக்கு டிராக்டர் ஓட்டினான். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பகல், டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் அழைப்பு வந்தது.

“ஏனுங்கண்ணா, கெணத்து மேட்டுல ஒரு ஏக்கரா குடுத்துப்போடலாம்னு இருக்கறேனுங்க. ராசிபுரத்தாளு ஒருத்தன் கேக்கறான். உங்களைக் கேக்காம எப்படிங்க குடுக்கறது?”

“அசலான் எதுக்குடா கெணத்துக்குள்ள? நானே எடுத்துக்கறேன். வெலை என்ன?”

“நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்கண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. டிராக்டர் தவணையாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. சுமதிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்ததால் அவளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கிரயம் செய்தாள். அன்று மாலை பேருந்து ஓட்டும்போது என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது, பொய் சொல்வானேன். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. மறு வருடம் இன்னொரு ஏக்கர் வந்தது. அதற்கடுத்த ஆடியில் மிச்சமிருந்த அரை ஏக்கரும் கிணற்றில் அவனுக்கிருந்த பாத்தியமும் வந்தன. ஒவ்வொரு முறையும் அதே ‘உங்களைக் கேக்காம எப்படிங்க’, அதே ‘நானே எடுத்துக்கறேன்’. மூன்றாவது தடவை சுமதி மட்டும் கேட்டாள். “சேலத்துல மனை வாங்கறதுக்குன்னு சேத்த பணங்க. புள்ள பள்ளிக்கோடம் முடிக்கறவரைக்கும் நாம இந்த வாடகை ஊட்டுலயேதான் கெடக்கோணுமா? ஒரு வார்த்தை அவன ஏன் விக்கறேன்னு கேளுங்களேன்.” பங்காளி விஷயம், உனக்குத் தெரியாது என்றேன். வெளிநாட்டில் இருக்கும் நாம் வீட்டில் இருப்பவர்களிடம் இப்படிப் பேசுவது சுலபம். எதிரில் முகம் இருப்பதில்லை.

இந்த வருடம் வைகாசியில் விடுப்பில் போனேன். ஊருக்குள் நுழையும் சாலையின் இரு பக்கமும் மனைக்கற்கள். அதில் புதிதாக ஒன்றுமில்லை. நான் கிளம்பும்போதே மஞ்சள் விளைந்த காடெல்லாம் நகர் என்று பெயர் மாறத் தொடங்கியிருந்தது. இப்போது அந்த நகர்களில் பாதிக் கற்கள் எருக்கஞ்செடிக்குள் மறைந்திருந்தன. கடைக்கால் போட்டு நின்ற வீடுகளின் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. மகள் பெயரில் ஏதாவது ஒரு சின்ன மனையாவது வாங்கலாம் என்று, பத்திர ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர் நல்லதம்பியிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து தெரிந்தவர். அவர் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். நல்ல நாள் பார்த்தா என்று கேட்டேன்.

“நாளுங்கீளுமெல்லாம் இல்லீங்க தம்பி. நீங்க கேக்கற மனை ஆன்லைன் பார்ட்டியுது. ஒரு வாரம் உட்டா அவனே எறங்கி வருவான். ரெண்டு வாரம் உட்டா இன்னும் எறங்குவான்.”

ஆன்லைன் பார்ட்டி என்பது இப்போது அந்த டீக்கடையில் ஒரு வகை. முன்பெல்லாம் சீக்கு, கல்யாணம், போர் போட்டுத் தண்ணீர் வராதது, இந்த மூன்றுக்குத்தான் விற்பார்கள், அதற்கு ஒரு நிதானம் இருக்கும் என்றார் நல்லதம்பி. ஆன்லைனில் விட்டவனுக்கு இன்றைக்கே பணம் வேண்டும். ஒரு மனை அடிமாட்டு விலைக்குப் போனால் வரிசையில் இருக்கும் மற்ற மனைக்கும் அதுதான் விலை என்றாகிவிடுகிறது. லாரி ஓட்டியும் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயும் சீட்டுக் கட்டி வாங்கியவன் மனையும் சேர்ந்து இறங்குகிறது. இறங்குகிறது என்று தெரிந்தால் யாரும் வாங்க வருவதில்லை. ஒரே மனைக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கியவர்கள் வேறு இருப்பதால், வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் பயப்படுகிறார்கள். வீடு கட்டுவது நின்றதால் கொத்தனாரும் சித்தாளும் ஆத்தூர்ப் பக்கம் வேலை தேடிப் போகிறார்கள். இதையெல்லாம் அவர் யார்மேலும் கோபமில்லாமல், மழை பெய்யாததைச் சொல்வது போலச் சொன்னார். கடைசியாக டீயை வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

“ஆன்லைன்ல உட்டவனுங்கள்ல குமரேசன் ஒருத்தந்தானுங்க எங்கிட்ட வந்து நிக்கல. அவனுக்கென்னுங்க, நீங்க இருக்கறீங்க. மத்தவன் மனை வாங்க ஆளில்லாமயாச்சும் நாலு நாள் ஆட்டத்த நிறுத்தி வெக்கறான்.”

டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன். நேராகக் கிணற்றடிக்குப் போனேன். குமரேசன் டிராக்டருக்குக் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். டிராக்டரும் இப்போது வேறொருவருடையது, அவன் சம்பளத்துக்கு ஓட்டுகிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பங்காளி கேட்கக் கூடாத கேள்வியை மூன்று வருடம் கழித்துக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்துக் காட்டினான். திரையில் ஒரு சக்கரம் சுற்றக் காத்திருந்தது. அதன் மூலையில் அந்த ஆரஞ்சு மீன்.

“தடைன்னு சொல்றாங்களே, இது எப்படிடா வருது?”

“ஒண்ண நிறுத்தினா வேற பேருல லிங்க் வந்துருதுங்கண்ணா. மொதல்ல வேற வேற ஆப்தானுங்க ஆடுனேன். இதுல கீழ உங்க ஊர் பேரு போட்டிருந்துது. அண்ணன் இருக்கற ஊர்க் கம்பெனி, ஏமாத்தமாட்டான்னு ஒரு நம்பிக்கைங்க.”

உங்க ஊர் என்றான். நான் பிறந்த கிணற்றடியில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, வேறொரு கடலில் கிடக்கும் தீவைக் காட்டி உங்க ஊர் என்றான். அது உண்மையிலேயே அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனிதானா, அதன் மீனைத் திருடி ஒட்டிக்கொண்ட வேறெவனோவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கு ஒன்றுதான் என்று பட்டது. அங்கே பேருந்து ஓட்டிச் சம்பாதிக்கிறேன். அதில் பெரிய பங்கை, இந்தத் தொழிலால் ஏறிய வாடகைக்குக் கொடுக்கிறேன். மிச்சத்தை ஊருக்கு அனுப்பித் தம்பியின் நிலத்தை வாங்குகிறேன். தம்பி அந்தப் பணத்தைச் சக்கரத்தில் வைக்கிறான். நான் விடுப்பு முடிந்து திரும்புவதற்குள் என் பணம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே கட்டடங்களுக்கு மாடி ஏறுகிறது, இங்கே மனைக்கல்லை எருக்கஞ்செடி மூடுகிறது. நடுவில் பங்காளிக் கடமை என்ற பெயரில் நான் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியாளாக இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பான், இழுத்தடித்திருப்பான், ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். அந்த நாலு நாளில் தம்பிக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது.

மிச்சமிருந்தது வீடு ஒன்றுதான். சித்தியும், குமரேசனும், அவன் மனைவியும், நாலு வயதுப் பையனும் இருக்கும் ஓட்டு வீடு. அதை ஒரு பைனான்ஸ்காரரிடம் அடமானம் வைத்திருந்தான். ஆனி முடிவதற்குள் மீட்காவிட்டால் அவர் கிரயம் செய்துகொள்வார், பூட்டுப் போட்டுவிடுவார். இரண்டு நாள் சுமதியோடு பேசினேன். வாங்கினால் சேலத்து மனை என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது. வாங்காவிட்டால் சித்தி வீதிக்கு வருவார். அம்மா சீக்கில் கிடந்த காலத்தில் எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். கடைசியில் சுமதிதான் சொன்னாள். “பணத்த அவன் கையில காட்ட வேண்டாம். பைனான்ஸ்காரர்ட்ட நேராக் கட்டுங்க. பத்திரத்தச் சித்தி பேருக்குப் போட்டுருங்க.” அவளுடைய பல வருட ஆசையை அவளே மடித்து உள்ளே வைத்துவிட்டாள். நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் கிழங்குச் சிப்ஸ் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கையை உதறிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“என்ற பேருல வேண்டாம் சாமி. அவன் வந்து காலப் புடிச்சு அழுதான்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன். பெத்தவளுக்கு அவ்வளவுதான் தெம்பு. உன்ற பேருலயே இருக்கட்டும்.”

என் பெயருக்கே பதிவானது. பத்திர ஆபீசில் குமரேசன் தலையைக் குனிந்தபடி கைரேகை வைத்தான். வெளியே வந்ததும் சித்தி என்னைத் தனியே கூப்பிட்டார். “மாசம் எவ்வளவு சாமி குடுக்கோணும்?” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வாடகை என்றார். என்ன சித்தி இது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். “சும்மா இருந்தமுன்னா அவன் இன்னமும் இத நம்மூடுன்னே நெனைச்சுக்குவான். அதையும் எங்கயாச்சும் வெக்கப் பாப்பான். வாடகை குடுத்தாத்தான் நம்முளுது போயிருச்சுன்னு அவனுக்கு ஒறைக்கும்.” நான் தொகை எதுவும் சொல்லவில்லை. அவரே ஒன்று சொன்னார். மாதம் பிறந்ததும், கிழங்கு சீவும் கூலியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சூரமங்கலத்துக்கு வந்து சுமதி கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். சுமதி அதோடு தன் பணத்தைச் சேர்த்துத் தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குக் கொடுக்கிறாள். இங்கே நான் டோரிஸ் அம்மாவுக்குக் கொடுக்கிறேன். இத்தனை நிலமும் ஒரு வீடும் என் பெயரில் இருக்க, என் குடும்பத்தில் சொந்த வீட்டில் தூங்குகிறவர் ஒருவரும் இல்லை.

குமரேசன் செல்போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டான் என்று சொல்கிறார்கள். டிராக்டர்க்காரரின் செல்போன் பகலில் அவன் கையில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டட நிறுத்தத்தில் இப்போதும் தினமும் கதவைத் திறக்கிறேன். இளசுகள் நன்றி சொல்லி இறங்குகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

போன ஞாயிறு கேக்கை வெட்டிக்கொண்டே டோரிஸ் அம்மா கேட்டார், “செல்வா, உன் ஊரில் உனக்கு வீடு இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“பூட்டியா கிடக்கிறது?”

“இல்லை, என் சித்தி இருக்கிறார். வாடகை கொடுக்கிறார்.” ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரில் சித்தி என்றால் அம்மாவுக்கு அடுத்தபடி என்று அதற்குமேல் விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

டோரிஸ் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “மேலா! அப்படியென்றால் நீயும் வீட்டுக்காரன். என் கஷ்டம் உனக்குப் புரியும்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பெரிய துண்டாக எனக்குத்தான் வைத்திருந்தார்.

அவர் போன சிறிது நேரத்தில் சித்தி அழைத்தார். அங்கே மத்தியானம். வெயில், மழையில்லை, பையன் பால்வாடிக்குப் போகிறான் என்று ஊர்ச் சேதி சொன்னார். தைக்கு வருவேனா என்று கேட்டார். வாரேன் சித்தி என்றேன்.

“வாரதுன்னா முன்னாடியே சொல்லிப்போட்டு வாங்க சாமி. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வெக்கறேன்.” என்னை வா, போ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், “அப்பறம், வாடகைய ஏத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னயே சொல்லிப்போடுங்க.”

“அதுக்கென்னங்க சித்தி, சொல்றேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

மேசையில் கேக் பாதி மிச்சமிருந்தது. எடுத்து மூடி வைத்தேன்.